வெப்ஸ்டரின் பெயரைச் சொல்லிவிட்டு அந்தக் காலத்தைப் பேசுங்கள்

போன வெள்ளிக்கிழமை ராத்திரி என் பையன் தலையில் அடிபட்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பதினாலு வயசு. பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் லைன்பேக்கராக, அதாவது எதிரணி ஆளை மோதித் தடுப்பவனாக, ஆடுகிறான். ட்ரெய்னர் அவன் கண்ணெதிரே விரலை ஆட்டிப் பார்த்தார், இன்று என்ன கிழமை என்று கேட்டார், எதிரணி எது என்று கேட்டார். கடைசியில் ஒன்றும் பேசாமல் அவன் ஹெல்மெட்டை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். இனி இன்றைக்கு ஆட்டம் இல்லை என்று அர்த்தம். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்குப் பின் வரிசையில் இருந்த பெரியவர் பக்கத்து ஆளிடம் சொன்னார், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "எழுபதுகளில் இப்படியா இருந்தது? மயக்கம் தெளிய மூக்கில் நெடியடிக்கும் உப்பைக் காட்டுவார்கள், எழுந்து போய் ஆடுவான். இப்போது எல்லாமே நோஞ்சான்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வார்த்தை ஒரு வாரமாக நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. முடிவெட்டும் கடையில் கேட்கலாம், ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் கேட்கலாம், யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக்கைத் தலையோடு மோதினான், அது தவறு என்று நடுவர் மஞ்சள் துணியை வீசியதும் ஆரம்பித்துவிடுவார்கள். இதெல்லாம் ஃபுட்பாலா? அந்தக் காலத்தில் ஆம்பிளைகள் ஆடினார்கள். ஒருத்தர் விடாமல் இதையே சொல்கிறார்கள். எழுபதுகளில் பிறந்தே இருக்காத இருபத்தைந்து வயசுப் பையன்கள்கூடச் சொல்கிறார்கள்!

எழுபதுகளின் எங்கள் ஊர் ஸ்டீலர்ஸ் அணியை எனக்குப் பிடிக்காமல் இதைச் சொல்லவில்லை. உயிர். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஃபுட்பாலில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்த எனக்கு, பழைய படச்சுருள்களைப் போட்டுக் காட்டி ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இதே ஊர்க்காரர்கள்தான். 1974-ல் ஸ்டீலர்ஸ் அணி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் வருடாந்தரத் தேர்வில், லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர் என்று நாலு பேரை எடுத்தது. நாலு பேருமே பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேம் என்ற, ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலுக்குப் போனார்கள். ஒரே வருஷத்தில் இப்படி எடுத்த அணி வேறு கிடையாது. அதிலிருந்து ஆறு சீசனில் நாலு சூப்பர் பவுல், அதாவது என்எஃப்எல் லீக்கின் சாம்பியன் கோப்பை. ஜோ கிரீன் முன்வரிசையில் நின்றால் எதிரணி ஆள் பந்தைத் தொடுவதற்கு முன்பே தயங்குவான். இதெல்லாம் எனக்கும் தெரியும். எனக்கும் புல்லரிக்கும்.

1972 டிசம்பர் 23 என்று சொன்னால் இந்த ஊரில் விளக்கம் வேண்டாம். ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 7-6 என்று முன்னால் நிற்கிறது, 22 விநாடிதான் பாக்கி. ஸ்டீலர்ஸ் குவார்ட்டர்பேக் பிராட்ஷா எறிந்த பந்து, அவர் அணியின் ஃபுகுவாவும் ரெய்டர்ஸின் ஜாக் டாட்டமும் மோதிக்கொண்ட இடத்தில் தெறித்துப் பின்னால் பறக்கிறது. தரையைத் தொடப்போகும் நேரத்தில் ஸ்டீலர்ஸின் ஃபிராங்கோ ஹாரிஸ் அதைப் பாதத்துக்குப் பக்கத்தில் அள்ளிக்கொண்டு கோடு வரைக்கும் ஓடுகிறார். 13-7. அதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லாத வயசாளி இந்த ஊரில் குறைவு. மைதானத்தில் இருந்தவர்கள் சுமார் 50,000 பேர். அன்றைய விதிப்படி சொந்த ஊர் ஆட்டத்தை அந்த ஊர் டிவியில் காட்டவே மாட்டார்கள், டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்திருந்தாலும் சரி. அடுத்த வருஷம் நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகுதான் அது தளர்ந்தது. வீட்டில் இருந்தவர்கள் ரேடியோவில்தான் கேட்டார்கள். பொற்காலம் என்கிறோமே, அந்தக் காலத்தில் ஊர்க்காரனுக்குத் தன் அணியின் மிகப் பெரிய தருணத்தை டிவியில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சரி, அது போகட்டும்.

அந்த ஜாக் டாட்டமிடம் வருவோம். 1978 ஆகஸ்ட் 12, ஓக்லண்டில் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டம். நியூ இங்கிலாந்து அணியில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டாரில் ஸ்டிங்லி எட்டாத பந்துக்குத் தாவினார். டாட்டம் எதிரே வந்து மோதினார். கழுத்தெலும்பு உடைந்தது. ஸ்டிங்லிக்கு அப்போது வயசு 26. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை. சக்கர நாற்காலியிலேயே இருந்து 2007-ல் 55 வயசில் போய்ச் சேர்ந்தார். அந்த மோதலுக்கு நடுவர் துணியை வீசவில்லை. ஏனென்றால் அன்றைய விதிப்படி அது தவறே இல்லை. இன்று நீங்கள் திட்டும் மஞ்சள் துணி அன்று அந்த நடுவரின் இடுப்பிலேயே கிடந்தது. அந்தத் துணிதான் ஆட்டத்தைக் கெடுத்தது என்று ஸ்டிங்லியின் நாற்காலிக்கு முன்னால் நின்று சொல்ல முடியுமா உங்களால்?

அந்தக் காலத்து ஆட்கள் யாரும் குறை சொல்லவில்லை என்பதும் பொய். 1976 சீசனின் முதல் ஆட்டத்தில், பந்து எங்கேயோ இருக்க, ரெய்டர்ஸின் ஜார்ஜ் அட்கின்சன் லின் ஸ்வானின் பின்மண்டையில் முன்கையால் அடித்துச் சாய்த்தார். ஸ்வானுக்கு கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி. அதே வருஷம் ஜனவரியிலும் இதே ரெய்டர்ஸ் ஆட்டத்தில் அவர் மண்டையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மறுநாள் ஸ்டீலர்ஸ் பயிற்சியாளர் சக் நோல் என்ன சொன்னார் தெரியுமா? லீக்கில் ஒரு குற்றவாளிக் கூட்டம் இருக்கிறது என்றார். வாயைத் திறந்தால் வார்த்தையை எண்ணிப் பேசுகிற மனுஷன் அவர். அட்கின்சன் 20 லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார். அந்தக் கோர்ட்டிலேயே நோல், தன் அணி ஆட்களும் சிலர் அந்தக் கூட்டத்தில்தான் சேர்வார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பொற்காலத்தின் பயிற்சியாளரே பொற்காலத்திலேயே இது ஆட்டம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஐம்பது வருஷம் கழித்து நீங்கள் அவரைவிட அதிகம் தெரிந்தவர்களா?

இப்போது வெப்ஸ்டர்.

பழைய படங்களில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். நம்பர் 52. பனி கொட்டும்போதும் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி, வெறும் கையோடு நிற்பார். சென்டர் என்றால் ஒவ்வொரு முறையும் பந்தைக் காலுக்கிடையில் பின்னால் கொடுத்த அடுத்த நொடி எதிரே இருப்பவனோடு தலைக்குத் தலை முட்ட வேண்டும். ஆட்டத்தில் ஒருமுறை இருமுறை அல்ல, அறுபது எழுபது முறை. அப்புறம் வாரம் முழுக்கப் பயிற்சியில். 17 சீசன் ஆடினார், அதில் 15 ஸ்டீலர்ஸுக்கு. பெரிய மோதல் ஒன்றும் வேண்டாம், இந்தச் சின்ன முட்டல்களே சேர்ந்து சேர்ந்து மூளையைத் தின்னும் என்று அன்று அவருக்கு யார் சொன்னார்கள்?

1990 சீசனோடு ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் அந்த மனுஷன் பட்டது எதிரிக்கும் வரக்கூடாது. ஞாபகம் தவறியது. பணம் போனது. குடும்பம் கலைந்தது. பல ராத்திரி தன் பிக்கப் டிரக்கிலேயே படுத்துக் கிடந்தார். வலியில் தூக்கம் வராமல் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் துப்பாக்கியால் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு மயங்கித் தூங்கியிருக்கிறார். நாலு சூப்பர் பவுல் மோதிரம் வாங்கியவர். 1997-ல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் ஏற்றினோம், கைதட்டினோம். 2002 செப்டம்பரில் செத்துப்போனார். வயசு 50.

இதே ஊரில், அலெகெனி கவுண்டி பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில், பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய டாக்டர் அவர் மூளையை ஆராய்ந்து, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் சிடிஇ என்ற நோய் அதில் இருப்பதைக் கண்டுபிடித்தார். 2005-ல் கட்டுரை வந்தது. லீக்கின் டாக்டர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதினார்கள். ஆனால் லீக்கின் ஓய்வூதியக் குழுவே வெப்ஸ்டரின் மூளை ஃபுட்பால் அடியால்தான் கெட்டது என்று 1999-லேயே ஏற்றுக்கொண்டிருந்தது! எந்த வருஷத்திலிருந்து கெட்டது, எத்தனை வருஷத்துக்குப் பணம் தருவது என்றுதான் வழக்கு நடந்தது. 2006-ல் அப்பீல் கோர்ட் வரைக்கும் போய்த்தான் அவர் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அவர் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சிடிஇக்கும் ஃபுட்பாலுக்கும் தொடர்பு உண்டு என்று லீக் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒத்துக்கொள்ள 2016 ஆயிற்று.

மூக்கில் உப்பைக் காட்டினால் எழுந்து போய் ஆடிய ஆள் யார் என்று கேட்டீர்களே, இவர்தான். எழுந்து போய் ஆடியதால் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் விசுவாசம் இருந்தது, ஆட்டக்காரன் ஒரே அணியில் கடைசிவரை இருந்தான் என்பது இன்னொரு பல்லவி. இருந்தான், போக விட்டால்தானே போவான்? ஒப்பந்தம் முடிந்து ஒருவர் வேறு அணிக்குப் போனால், அந்த அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். என்ன ஈடு என்பதை லீக்கின் தலைவரான கமிஷனர் ரோஸெல் முடிவு செய்வார். அந்தப் பயத்தில் யாருமே யாரையும் எடுக்க மாட்டார்கள். இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர் பால்டிமோர் கோல்ட்ஸின் ஜான் மேக்கி, 1976-ல் ஜெயித்தார். இருந்தும் ஆட்டக்காரர்களுக்கு உண்மையான சுதந்திரம் கிடைக்க 1993 ஆனது. அந்த மேக்கிக்கும் கடைசியில் மறதி நோய்தான். அவர் மனைவி உதவி கேட்டு எழுதிய பிறகுதான் மறதி நோய் வந்த பழைய ஆட்டக்காரர்களுக்கான பராமரிப்புத் திட்டம் வந்தது. அவருடைய 88 என்ற நம்பரையே அதற்குப் பெயராக வைத்தார்கள். விசுவாசம் என்று பேசுகிறவர்கள் மேக்கியின் பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

ஜோ கில்லியமையும் யாரும் சொல்வதில்லை. 1974 சீசனை ஸ்டீலர்ஸின் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியவர் பிராட்ஷா இல்லை, இந்தக் கறுப்பின இளைஞர். ஆறு ஆட்டத்தில் 4 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். அப்படியும் உட்கார வைக்கப்பட்டார். ஆடிக்கொண்டிருந்தபோதே கொலை மிரட்டல்கள் வந்தன.

இந்த ஊரின் ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. 1980 ஜனவரியில் நாலாவது கோப்பை வந்த கையோடு எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் போனது. இன்று அங்கே ஷாப்பிங் வளாகம், ஓரத்தில் பழைய புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அப்பாவுக்கு வேலை இருந்தது, வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அணி ஜெயித்தது. அப்புறம் பிள்ளைகள் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனார்கள். அந்த வலி எனக்கும் தெரியும், நானும் ஊரை விட்டு வந்தவன்தான். அதை நினைத்து அழுங்கள், நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். ஆனால் அந்த ஏக்கத்தை ஏன் என் பையன் மண்டையில் இறக்குகிறீர்கள்?

கோபப்பட வேண்டுமென்றால் கோபப்பட எத்தனையோ இருக்கிறது. ஒரு சீசன் முழுசாகப் பார்க்க எத்தனை சந்தா கட்ட வேண்டியிருக்கிறது? 2024 ஜனவரியில் ஒரு பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தையே இரண்டு ஊர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஸ்ட்ரீமிங்கில் பூட்டி வைத்தார்கள். அதைவிடப் பெரியது, மூளை பாதிப்புக்கான இழப்பீட்டில் கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே குறைவு என்று கணக்குப் போட்டு, பாதிப்பையே இல்லையென்று சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போனவர்கள் இரண்டு முன்னாள் ஸ்டீலர்ஸ், கெவின் ஹென்றியும் நஜே டேவன்போர்ட்டும். 2021-ல்தான் அந்தக் கணக்கைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் முடிவெட்டும் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் வாயிலிருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. குவார்ட்டர்பேக்கைத் தொடவே விடமாட்டேன் என்கிறார்கள் என்றுதான் புலம்பல்.

நாளை மறுபடியும் வெள்ளிக்கிழமை. பையன் ஆடமாட்டான், டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை. பகலில் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்கிறான். ஆனாலும் அணியோடு போய் ஓரத்தில் நிற்கிறேன் என்று அடம்பிடிக்கிறான், கூட்டிப் போகிறேன். போன வாரம் உட்கார்ந்த அதே வரிசையில்தான் உட்காரப் போகிறேன். பின்னாலிருந்து அந்தப் பேச்சு மறுபடி வந்தால் இந்த முறை திரும்பி உட்காருவேன். ஐயா, நம்பர் 52 ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன்.