பதினோரு மணிக்கு ஒரு கண்டம்

ரயில் டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுக்கும் வசதி 2002-ல் வந்தபோது, இனி வரிசையே இருக்காது என்றார்கள். வரிசை எங்கே போனது? கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

நாளைய பயணத்துக்கு இன்று எடுக்கும் அவசர முன்பதிவுதான் தட்கல்: ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. ரொம்ப முன்னாடியே ஐஆர்சிடிசி தளத்தில் லாகின் செய்து உட்கார்ந்தால் 10:59-க்குச் சரியாக வெளியே தள்ளும். மறுபடி கேப்ட்சா, அதாவது படத்தில் தெரியும் எழுத்துகளைப் பார்த்து அடிக்கும் சோதனை. அது பூஜ்ஜியமா, ஓ-வா என்று முழித்துத் தப்பாக அடித்தால் போச்சு. இப்போது ஆதார் இணைத்த கணக்கு வேண்டும், ஓடிபி வேறு. அந்தக் குறுஞ்செய்தி வந்து சேர்வதற்குள் பச்சையில் இருந்த 84 இடம் வெயிட்டிங் லிஸ்ட் 37 ஆகிவிடும்.

பயணிகளின் பெயர், வயதை முதல் நாளே மாஸ்டர் லிஸ்டில் சேர்த்து வைக்கலாம். தளத்தின் வாலட்டிலேயே பணம் போட்டு வைத்தால் வங்கிப் பக்கத்துக்குப் போய்வரும் நேரம் மிச்சம். 'கன்ஃபார்ம் ஆனால் மட்டும் பதிவு செய்' என்ற கட்டத்தை டிக் செய்யாவிட்டால் தட்கல் வெயிட்டிங் தலையில் விழும். அதற்கு ஆர்ஏசி (படுக்கைக்குப் பதில் உட்கார மட்டும் இடம்) கிடையாது; சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், போடும்போது பொது வெயிட்டிங்குக்குத்தான் முதல் மரியாதை. கன்ஃபார்ம் ஆன தட்கலை ரத்து செய்தாலோ பைசா திரும்பாது.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர் என்ன செய்வார்? கயிற்றில் கட்டிய, மை தீர்ந்த அந்தக் கவுண்டர் பேனாதான் கதி.