எரரைப் போட்டோ பிடிக்காதீர்கள், எழுத்தாகவே எடுத்து வையுங்கள்

டெர்மினலில், அதாவது கமாண்டை டைப் அடித்து வேலை வாங்கும் ஜன்னலில், வந்த எரரை ஃபோனில் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களே, திரையில் இருப்பது எழுத்து. அதை ஏன் படமாக்குகிறீர்கள்? அதுவும் டியூப்லைட் வெளிச்சம் மேலே விழ, கோணலாக, முக்கியமான வரி பாதியில் வெட்டுப்பட்டு வரும். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மறுபடி டைப் அடித்துத்தான் தேட வேண்டும். என் கஷ்டத்தை விடுங்கள், ஆறு மாதம் கழித்து அதே எரர் வந்தால் அந்தப் போட்டோவை நீங்களே எங்கே போய்த் தேடுவீர்கள்? குட்மார்னிங் படங்களுக்கு நடுவிலா?

டெர்மினலின் ஹிஸ்டரியில்தான் எல்லாம் இருக்குமே என்று சொல்கிறவர்களும் உண்டு. இல்லை. மேல் அம்புக்குறியைத் தட்டினாலும் கண்ட்ரோல்-ஆர் போட்டுத் தேடினாலும் கிடைப்பது நீங்கள் அடித்த கமாண்ட் மட்டும்தான், அதற்கு மெஷின் என்ன பதில் சொன்னது என்று அதில் ஒரு எழுத்துகூட இருக்காது. அடித்ததாவது முழுசாக இருக்குமா என்றால் அதுவும் சந்தேகம்தான். யாரும் செட்டிங்கை மாற்றாவிட்டால் பாஷ் (நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்) வைத்துக்கொள்வது கடைசி 500 வரி. வழக்கமாக அந்த டெர்மினலை மூடும்போதுதான் ஃபைலில் எழுதும், நடுவில் கரண்ட் போனால் அன்றைக்கு அதில் அடித்ததெல்லாம் போச்சு. எந்தத் தேதியில் அடித்தோம் என்பதும் தானாகப் பதிவாகாது, அதற்குத் தனியாக செட்டிங் போட வேண்டும்.

சரி, > போட்டு, கமாண்டுக்கு வரும் பதிலைத் திரைக்குப் பதில் ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு > போட்டால் ஃபைலில் ஏற்கெனவே இருந்தது அழியும், >> போட்டால் கீழே சேரும். ஆனால் எது நமக்கு வேண்டுமோ, அந்த எரர் மட்டும் ஃபைலுக்குள் போகாமல் திரையிலேயே நிற்கும்! லினக்ஸுக்கும் மேக்குக்கும் மூதாதையான யூனிக்ஸில் சாதாரண அவுட்புட்டுக்கு 1, எரருக்கு 2 என்று இரண்டு தனி வழிகள். இப்படிப் பிரித்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1970களில் யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் போட்டோ டைப்செட்டர் என்ற அச்சுக் கோக்கும் மெஷின் வாங்கினார்கள். அதில் அச்சுக் கோக்கப் போனால் வெளிவருவது போட்டோ பேப்பர், அதைக் கெமிக்கலில் கழுவி எடுக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுத்துப் பார்த்தால், ஃபைலைத் திறக்க முடியவில்லை என்ற எரர் மெசேஜ் அழகாக அச்சாகி வந்திருக்கும். நொந்துபோய்த்தான் எரருக்குத் தனி வழி போட்டார்கள்.

ஆகவே இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஃபைல் பெயருக்குப் பின்னால் 2>&1 போடுங்கள். முன்னால் போட்டால் வேலை செய்யாது, எரர் மறுபடி திரைக்கே போய்விடும், இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். திரையிலும் ஓட வேண்டும், ஃபைலிலும் விழ வேண்டும் என்றால் 2>&1 போட்டு, ஒரு | (முன்னால் உள்ள கமாண்டின் அவுட்புட்டைப் பின்னால் உள்ளதற்கு அனுப்பும் குறி) போட்டு, டீ (tee) கமாண்ட். (பெயரைச் சொன்னாலே கேன்டீனுக்குப் போகத் தோன்றுகிறது, என்ன செய்ய.) பிளம்பர் போடுகிற டி ஜாயிண்ட் மாதிரி, ஒரே தண்ணீர் இரண்டு பக்கம் போகும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஸ்கிரிப்ட் (script) கமாண்ட். 1979-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 3பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்தது, இன்றைக்கும் லினக்ஸ், மேக் இரண்டிலும் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் அதைத் தட்டிவிட்டால் போதும், எக்ஸிட் அடிக்கும் வரை நீங்கள் கேட்டது, மெஷின் சொன்னது இரண்டும் வரிசையாக ஒரே ஃபைலில். கலருக்கான குறியீடுகள், நீங்கள் தப்பாக அடித்துவிட்டு அழித்தது எல்லாம்கூடச் சேர்ந்து விழுந்து, திறந்து பார்த்தால் கொஞ்சம் குப்பையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். தேடினால் கிடைக்கிறதே. சர்வரில் கை வைக்கப் போகும் யாரையும் முதலில் இதைப் போட்டுவிட்டு ஆரம்பி என்றுதான் சொல்வேன். விண்டோஸின் பவர்ஷெல்லில் இதே வேலைக்கு ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட் (Start-Transcript) இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் போட்டோவுக்கு ஓடுவதற்கு ஒரு நியாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. டெர்மினலில் காப்பி பண்ணுவதே ஒரு வித்தை. லினக்ஸில் பழக்க தோஷத்தில் கண்ட்ரோல்-சி அடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையே நின்றுவிடும், கூட ஷிஃப்டும் சேர்த்து அடிக்க வேண்டும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் குவிக் எடிட் (மவுஸால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி) ஆனில் இருந்தால், தெரியாமல் மவுஸைக் கிளிக் செய்தாலே புரோகிராம் அப்படியே உறைந்து நிற்கும், என்டர் தட்டினால் மறுபடி நகரும். ஒரு முறை இப்படிச் சூடு பட்டவர் அப்புறம் ஃபோனைத்தான் எடுப்பார்.

இன்னொன்று, சேமித்த ஃபைலை அப்படியே குரூப்பில் தட்டிவிடாதீர்கள். கமாண்டிலேயே பாஸ்வேர்டைச் சேர்த்து அடித்திருந்தால் அது ஹிஸ்டரியிலும் இருக்கும், இந்த ஃபைலிலும் இருக்கும். உபுண்டு பாஷில் கமாண்டுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டு அடித்தால் ஹிஸ்டரியில் ஏறாது. ஸ்கிரிப்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, திரையில் தெரிந்த எதையும் எழுதி வைத்துவிடும். அனுப்பும் முன் திறந்து பாஸ்வேர்டு, டோக்கன், கீ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நீங்கள் அடித்த கமாண்டையும் அதற்கு வந்த பதிலையும் மட்டும் அனுப்புங்கள்.