அந்தப் பதினைந்து நிமிடம் யாருடைய கணக்கு?

"பதினைந்து நிமிடத்தில் மீனும் மரக்கறியும் சேர்த்த சத்தான பாஸ்தா" என்று தலைப்புப் போடுகிறவர்களே, உங்கள் கடிகாரத்தை எப்போது ஓடவிடுகிறீர்கள்? எல்லாவற்றையும் வேறு யாரோ கழுவி வெட்டித் தட்டில் அடுக்கித் தந்த பிறகா?

நேற்று வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் நசுங்கி, வெள்ளவத்தையில் இறங்கி, மீனும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் கால் வைக்கும்போது மணி ஏழேகால். செய்முறையின் முதல் வரி இது: "தோலும் முள்ளும் நீக்கிய மீன் துண்டுகள், கழுவி நறுக்கிய லீக்ஸ் ஒரு கோப்பை." அந்த ஒரு வரிக்குள் என்னுடைய முக்கால் மணித்தியாலம் புதைந்து கிடக்கிறது.

லீக்ஸ் கழுவியிருக்கிறீர்களா? மலைநாட்டு மண் மடலுக்கு மடல் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு மடலாக விரித்து அலச வேண்டும். முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. மூன்றாவது தண்ணீரில்தான் சட்டியின் அடி தெரிந்தது. ஒரு மடலைத் தவறவிட்டாலும் சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும்.

அடுத்தது மீன். சூரை வாங்கியிருந்தேன். தோலை உரித்து, நடுவில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையைக் கத்தி நுனியால் கீறி எடுத்து, விரலால் தடவித் தடவி முள்ளைத் தேடிப் பிடுங்க வேண்டும். வெளியே வைத்துவிட்டு ஆறுதலாகச் செய்யவும் முடியாது. சூட்டில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது.

சரி, அடுப்புக் கணக்காவது ஒத்துவருகிறதா? 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர் என்பது இத்தாலியர் வழக்கம். நான்கு பேருக்கு 400 கிராம் என்றால் 4 லீற்றர். எங்கள் காஸ் அடுப்பில் அது கொதித்து வருவதற்கே கால் மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கிறது. பாஸ்தா பைக்கற்றிலோ "11 நிமிடம் வேகவிடவும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். இதிலேயே உங்கள் பதினைந்து நிமிடம் கரைந்துவிட்டதே!

இதற்குள் சால்மன்தான் வேண்டும் என்று செய்முறையில் வேறு அடம். சுற்றிலும் கடல் உள்ள ஊரில் அறக்குளாவும் பாரையும் சூரையும் இருக்க, நோர்வேயிலிருந்து உறையவைத்து வரும் மீனை நான் ஏன் தேடிப் போக வேண்டும்? உள்ளியையும் கறிமிளகாயையும் லீக்ஸையும் வதக்கி, சூரையைப் பிரட்டி, பாஸ்தா வெந்த தண்ணீரில் ஓர் அகப்பை ஊற்றி, தேசிக்காய் பிழிந்தேன். அருமையாகவே இருந்தது. சமையலில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு வயிறு எரிவது வேறு விடயத்துக்கு. எட்டேகாலுக்கு, கையெல்லாம் மீன் வாடையோடு நிற்கும்போது, கூடத்திலிருந்து கணவரின் குரல்: "பதினைந்து நிமிடச் சமையல் என்றுதானே சொன்னீர், இன்னும் முடியவில்லையா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை; அந்தத் தலைப்பை நம்பிக் கேட்டார். நீங்கள் கணக்கில் சேர்க்காமல் விட்ட வேலைக்கு, நான் கைவேகம் இல்லாதவளாகிப் போனேன்.

கழுவ எவ்வளவு, முள் எடுக்க எவ்வளவு, தண்ணீர் கொதிக்க எவ்வளவு என்று மேலேயே போடுங்கள். அதைப் பார்த்திருந்தால் நேற்று லீக்ஸைத் தொடாமல், கரட்டும் போஞ்சியும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.