பூட்டு திண்டுக்கல், காற்று ராமேஸ்வரம்

(ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்துக்குப் போகும் சந்து ஒன்றில் மூன்று மாடி லாட்ஜ். விடியற்காலை நாலே முக்கால். இரண்டாம் மாடி வராந்தாவில் ஓர் அம்மாள் மூன்று பைகளுக்கு நடுவே கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்கிறார். திறந்து கிடக்கும் அறைக்குள் டார்ச் வெளிச்சம் ஒன்று சுவரெல்லாம் ஓடுகிறது. வாளியும் துண்டுமாக ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்க்கிறார்.)

பாய்: சார், கரண்ட் இருக்கிறதே. லைட்டைப் போடட்டுமா?

வந்தவர்: போடாதீர்கள்! சோதனை நடக்கிறது. நீங்கள் யார்? நான் ரூம் பாயைத்தானே அனுப்பச் சொன்னேன்?

பாய்: நான்தான் சார் ரூம் பாய்.

வந்தவர்: உங்களுக்கு அறுபது வயது இருக்கும் போலிருக்கிறதே!

பாய்: அறுபத்திரண்டு. வேலைக்குச் சேரும்போது பையன்தான். சொந்த ஊர் கீழக்கரை. அதனால் வயசான பிறகும் அதே பெயர் பொருந்திவிட்டது, மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

வந்தவர்: சரி பாய், கீழே விரித்துப் படுக்க ஒரு எக்ஸ்ட்ரா பாய் கிடைக்குமா?

பாய்: இந்த மாடிக்கு நான் ஒருத்தன்தான் சார். கோரைப் பாய் என்றால் கொண்டுவருகிறேன். அம்மா ஏன் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்?

வந்தவர்: சோதனை முடிந்ததும் கூப்பிடுவேன். லாட்ஜில் தங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை என்று போனில் ஒரு வாரமாக வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இங்கே பாருங்கள், கண்ணாடியில் விரலை வைத்தேன். விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை! அப்படியென்றால் அந்தப் பக்கம் ஆள் நின்று நம்மைப் பார்க்கலாமாம்.

பாய்: அந்தப் பக்கம் அந்தரம் சார். இது வெளிச்சுவர், இரண்டாம் மாடி. நிற்பவன் காக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

வந்தவர்: கிண்டல் பண்ணாதீர்கள்.

பாய்: இல்லை சார், பார்ப்பது நல்லதுதான். ஆனால் அந்த விரல் கணக்கு எல்லாக் கண்ணாடிக்கும் சரிவராது. கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். ஆணியில் தொங்கினால் பயமில்லை. சுவரோடு பதித்திருந்தால் மட்டும் அறையை இருட்டாக்கி டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். பின்னால் இடம் இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம், படுக்கையையோ பாத்ரூமையோ பார்த்த மாதிரி காரணமில்லாமல் ஒரு கடிகாரம், ஒரு பிளக், ஒரு சார்ஜர் இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

வந்தவர்: அப்படிச் சொல்லுங்கள். அப்போது இது? கண்ணாடி ஓரத்தில், கறுப்பாக, வட்டமாக... லென்ஸ்!

பாய்: சார், அது பொட்டு.

வந்தவர்: என்ன?

பாய்: ஸ்டிக்கர் பொட்டு. முந்தாநாள் தங்கின சேலத்து அம்மா ஒட்டிவிட்டுப் போனது. பக்கத்தில் மெரூன் கலரில் இரண்டு இருக்கிறதே, அது அதற்கும் முந்தைய பார்ட்டி. குளிக்கப் போகும்போது ஒட்டுவார்கள், போகும்போது எடுக்கமாட்டார்கள். சுரண்டிச் சுரண்டி என் நகம் தேய்ந்துவிட்டது.

(வராந்தாவில் சிரிப்புச் சத்தம். வந்தவர் டார்ச்சை அணைக்கிறார்.)

வந்தவர்: சரி, லைட்டைப் போடுங்கள். அடுத்தது மூட்டைப்பூச்சி.

பாய்: அதைப் பார்த்தே ஆக வேண்டும். பெட்ஷீட்டைத் தட்டிப் பார்த்தால் போதாது. நாலு மூலையிலும் ஷீட்டை உருவி, மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தால் அறையை மாற்றச் சொல்லிவிடுங்கள். பக்கத்து அறையை வாங்கிக்கொள்ளாதீர்கள், அதற்குச் சுவர் ஒரு பொருட்டில்லை. வேறு மாடி கேளுங்கள். பார்த்து முடிக்கும்வரை பையைக் கட்டிலில் வைக்கக் கூடாது.

வந்தவர்: பையை ஏற்கெனவே கட்டிலில் வைத்துவிட்டேனே.

பாய்: இந்தக் கட்டில் சுத்தம். வைத்த பைக்குத்தான் என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது.

வந்தவர்: கடல் தெரியும் அறை என்று சொல்லி நானூறு ரூபாய் கூட வாங்கியிருக்கிறார்கள். எங்கே கடல்?

பாய்: ஜன்னலைத் திறங்கள். தலையை வெளியே விடுங்கள். இடது பக்கம் திரும்புங்கள். இன்னும் கொஞ்சம். எதிர் லாட்ஜ் தண்ணீர்த் தொட்டிக்கும் அதன் பெயர்ப் பலகைக்கும் நடுவில் நீலமாக ஒரு துண்டு தெரியும்.

வந்தவர்: ஒன்றும் தெரியவில்லையே!

பாய்: விடிந்தால் தெரியும். பலகையையும் நீலத்தில்தான் எழுதியிருக்கிறார்கள், அதைக் கடல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். (குரலைத் தாழ்த்தி) கீழே சொல்லிவிடாதீர்கள், இந்த ஊரில் கடல் பார்க்க அறைக்குக் காசு கொடுப்பானேன்? நாலு எட்டு வைத்தால் அக்னி தீர்த்தம், கடலேதான். கடல் பார்த்த அறையில் காற்று வரும். காற்றோடு உப்பும் வரும். ஜன்னல் கம்பி, கீல், ஏசிப் பெட்டி, எல்லா இரும்பையும் தின்றுவிடும். அதனால்தான் ஒன்று சொல்வேன்: கதவு திறந்திருக்கும்போதே உள் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்துப் பாருங்கள். போன மாதம் ஒருவர் மூடிக்கொண்டு போட்டுவிட்டார். துருவில் சிக்கிக்கொண்டது. அவர் காலை டிபனை வென்டிலேட்டர் வழியாகத்தான் கொடுத்தோம்.

வந்தவர்: என்ன டிபன்?

பாய்: ஊத்தப்பம். சாம்பார்தான் சிரமப்பட்டது.

வந்தவர்: (தாழ்ப்பாளைப் போட்டு எடுத்து) ஜோராக ஓடுகிறதே.

பாய்: அது புதிதாக மாற்றினது. வெளியே இருக்கிற கொண்டிதான்...

வந்தவர்: வெளியைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு ஆள் கூட்டி வந்திருக்கிறேன். (பையிலிருந்து ஒரு கனத்த பூட்டை எடுக்கிறார்.) பாருங்கள் இதை. திண்டுக்கல் பூட்டு! கையால் செய்தது. 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கினது. லாட்ஜ் பூட்டுக்கு எத்தனை பேரிடம் மாற்றுச் சாவி இருக்குமோ? நம் பூட்டு என்றால் சாவி நம்மிடம் மட்டும்தான்.

பாய்: சொந்தப் பூட்டு நல்ல பழக்கம்தான் சார். ஆனால் இரண்டு சாவி இருக்குமே, ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். அம்மாவிடம் கொடுங்கள்.

வந்தவர்: அவள் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவாள். இரண்டும் ஒரே வளையத்தில், என் சட்டைப் பையில். தொலைய வாய்ப்பே இல்லை.

(வராந்தாவிலிருந்து ஒரு செருமல்.)

பாய்: உங்கள் இஷ்டம். கீழே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்களே, வந்த நேரம் என்ன எழுதியிருக்கிறது?

வந்தவர்: நாலு மணி.

பாய்: நீங்கள் வந்தது?

வந்தவர்: நாலு முப்பத்தைந்து. அதனால் என்ன?

பாய்: அதுதான் சார் எல்லாமே! கண்ணாடியை விட்டுவிட்டு இதையல்லவா சோதிக்க வேண்டும்? இங்கே 24 மணி நேர செக்-அவுட். எழுதின நேரத்திலிருந்துதான் கணக்கு. நாளைக் காலை நாலு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் இரண்டு பேர் குளித்துவிடலாம். இறங்கிப் போய் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

வந்தவர்: எல்லா லாட்ஜிலும் இப்படித்தானா?

பாய்: இல்லை. சில இடத்தில் பகல் 12 மணி செக்-அவுட். விடியற்காலை நாலரைக்கு வந்தால் ஏழரை மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை முடிந்துவிடும். ராத்திரி பஸ்ஸில் ராமேஸ்வரம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் செக்-அவுட் எப்படி என்று கேட்க வேண்டும். அடுத்து, வரி சேர்த்தா சேர்க்காமலா என்று.

வந்தவர்: வரி 12 சதவீதம்தானே?

பாய்: அது பழைய கதை. 2025 செப்டம்பர் 22-லிருந்து 7,500 ரூபாய் வரை வாடகைக்கு 5 சதவீதம். பில்லை வாங்கிப் பாருங்கள். ஆதாரைக் காட்டினீர்களா?

வந்தவர்: ஒரிஜினலையே கொடுத்துவிட்டேன். போகும்போது தருகிறேன் என்றார்.

பாய்: (நெற்றியில் அடித்துக்கொண்டு) பொட்டைப் பிடித்தீர்கள், இதை விட்டீர்களே! காட்டினால் போதும் சார், ஒரிஜினலைக் கையில் விட்டுவிட்டு வரக் கூடாது. நகல் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதார் இருக்கிறது, அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நகல் மேலே குறுக்கே எந்த லாட்ஜுக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். சரி, உங்களை இங்கே கூட்டி வந்தது யார்?

வந்தவர்: ஆட்டோக்காரர். வேறு லாட்ஜில்தான் போனில் சொல்லி வைத்திருந்தேன். அதில் மோட்டார் எரிந்துவிட்டது, தண்ணீர் இல்லை என்றார்.

பாய்: அந்த லாட்ஜுக்குப் போன் பண்ணிக் கேட்டீர்களா?

வந்தவர்: ...

பாய்: அங்கே ஒரு நாள் தண்ணீர் வராது, ஒரு நாள் பெயின்ட் அடிப்பார்கள், ஒரு நாள் ஓனருக்குத் துக்கம். அந்த ஓனர் இதுவரை எட்டு தடவை இறந்திருக்கிறார். நேற்றுகூட டீக்கடையில் பார்த்தேன். எல்லா ஆட்டோக்காரரும் அப்படியில்லை சார், ஆனால் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும்.

வந்தவர்: அந்த நானூறு...

பாய்: கடலுக்கு இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. நல்ல வேளை, அமாவாசை இல்லாத நாளாக வந்தீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வந்திருந்தால் இந்த அறையே மூன்று பங்கு வாடகை. அந்த நாட்களில் மண்டபம் ஊரிலோ ராமநாதபுரத்திலோ தங்கிவிட்டு வந்து போகிறவர்கள்தான் புத்திசாலிகள்.

வந்தவர்: நாளைக்கு தனுஷ்கோடியில் கடலோரமாக ஒரு ராத்திரி தங்கலாம் என்று வீட்டில் ஆசைப்படுகிறாள். அங்கே நல்ல ரிசார்ட்...

பாய்: 1964 டிசம்பர் புயலோடு அந்த ஊர் போயிற்று சார். ரயிலையே கடல் கொண்டுபோனது. இப்போது அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கிறது, சர்ச் இடிபாடு இருக்கிறது, மீன் வறுத்துத் தருகிற குடிசைக் கடை இருக்கிறது. தங்க அறை கிடையாது. பொழுது சாய்வதற்குள் போலீஸே திருப்பி அனுப்பிவிடும். ஆசைப்பட்டால் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு. நிழல் என்று ஒன்று அங்கே இல்லை.

வந்தவர்: வெந்நீர்?

பாய்: ஐந்திலிருந்து எட்டு. குழாயில் வருவது உப்புத் தண்ணீர், குடிக்க கேன் வைத்திருக்கிறேன். சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று முழுச் சோப்பையும் தேய்த்துத் தீர்த்தவர்கள் உண்டு. ஆனால் தீர்த்தமாடப் போகிறீர்கள் என்றால் இங்கே குளித்து என்ன பிரயோஜனம்? கடலில் முங்கி எழுந்துவிட்டு, 25 ரூபாய் டிக்கெட் வாங்கினால் உள்ளே 22 தீர்த்தம். வாளி வாளியாக ஊற்றுவார்கள். ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத் துணி கையோடு எடுத்துப் போங்கள். செல்போனும் கோயிலுக்குள் விடமாட்டார்கள்.

வந்தவர்: துணியும் போனும் அறையிலேயே இருக்கட்டும். தீர்த்தமாடிவிட்டு இங்கே வந்து மாற்றிக்கொண்டு போகிறோம். அதற்குத்தான் திண்டுக்கல் பூட்டு!

(காலை ஒன்பதரை. அதே வராந்தா. தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டச் சொட்ட இருவர் நிற்கிறார்கள். அம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார்.)

பாய்: என்ன சார், தரைக்கே தீர்த்தம் ஆடிக்கொண்டு நிற்கிறீர்கள்? உள்ளே போக வேண்டியதுதானே?

வந்தவர்: பாய்... சாவி.

பாய்: சட்டைப் பையில்தானே?

வந்தவர்: இருந்தது. கிணறு எவ்வளவு ஆழம் என்று எட்டிப் பார்த்தேன்.

பாய்: எந்தத் தீர்த்தம்?

வந்தவர்: (மிகவும் மெதுவாக) சாவித்திரி தீர்த்தம்.

பாய்: பெயரிலேயே சாவி இருக்கிறதே சார், அது விடுமா? விழுந்தவுடன் அங்கே யாரிடமாவது சொன்னீர்களா?

வந்தவர்: எப்படிச் சொல்வது? பின்னால் ஐம்பது பேர், தலையில் அடுத்த வாளி. அதோடு டிக்கெட் வேறு வாங்கியாயிற்று. மீதியை எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தோம்.

பாய்: அதுவும் சரிதான். அம்மா, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுடைய துண்டு இரண்டு தருகிறேன், முதலில் போர்த்திக்கொள்ளுங்கள். சார், சொந்தக்காரர் யாருக்காவது...

வந்தவர்: போன் உள்ளே.

பாய்: பர்ஸ்?

வந்தவர்: உள்ளே. பாய், இந்தப் பூட்டை உடைக்க முடியாது. சொல்லிவிட்டேன். சுத்தியலால் அடித்தாலும் அசையாது. ஆக்சா பிளேடு போட்டால் இரண்டு மணி நேரம் ஆகும். எங்கள் ஊர்ச் சரக்கு அப்படி.

பாய்: கொஞ்சம் தள்ளுங்கள்.

(பாய் பூட்டைக் கையில் பிடித்துக் கீழ்ப்பக்கமாக ஒரு இழுப்பு இழுக்கிறார். கொண்டி, ஆணிகளோடும் ஒரு பிடி துருவோடும் கையில் வந்துவிடுகிறது. கதவு தானாகத் திறந்துகொள்கிறது.)

வந்தவர்: ...

பாய்: இதைத்தான் காலையில் சொல்ல வந்தேன்.

வந்தவர்: (பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து) ஆனால் பூட்டு அப்படியே இருக்கிறது, பார்த்தீர்களா? ஒரு கீறல் விழவில்லை.

பாய்: பார்த்தேன் சார். உள்ளே போய்த் துணி மாற்றுங்கள். கொண்டிக்கு நூற்றைம்பது ரூபாய் கீழே பில்லில் சேர்ப்பார்கள்.

வந்தவர்: அதற்கும் 5 சதவீதமா?