சபை இல்லாத மாகாணம்

இலங்கையின் வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களின் மாகாண நிர்வாகம், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையிலும் அவருக்குக் கீழுள்ள அதிகாரிகளின் கையிலுமே இருக்கிறது. வடக்கின் பொருளாதாரம் பற்றிப் பேசுகின்ற பலரும் முதலீடு, சுற்றுலா, விமான நிலையம் என்று தொடங்குகிறார்கள். அவை எல்லாம் வேண்டும்தான். ஆனால் எதை எங்கே எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கவும், அந்த முடிவுக்காக மக்களிடம் பதில் சொல்லவும் கடமைப்பட்ட ஒரு சபை இல்லாமல் இந்த மாகாணம் எழ முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

நாட்டின் மொத்த உற்பத்தியில் வடக்கின் பங்கு ஐந்து வீதத்தை எட்டவே திணறுகிறது. போருக்கு முன் நிலைமை இப்படி இருக்கவில்லை. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஓடியது. ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. போரில் மூடப்பட்ட அவற்றின் இடத்தை, 2009இற்குப் பின் போடப்பட்ட காப்பெற் வீதிகளாலும் திறக்கப்பட்ட வங்கிக் கிளைகளாலும் நிரப்ப முடியவில்லை. வேலை வருவதற்கு முன் கடன் வந்தது. நுண்கடன் தவணைக்காக வாரந்தோறும் வாசலுக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் வன்னிப் பெண்கள், குறிப்பாகக் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள், பட்ட பாடு கொஞ்சமல்ல.

கடலைப் பாருங்கள். தமிழக இழுவைப் படகுகள் வழமையாகத் தொழிலுக்கு வருகின்ற திங்கள், புதன், சனி இரவுகளில் வடபகுதிக் கடற்றொழிலாளர் பலர் வலை விரிக்கவே அஞ்சுகிறார்கள். வலை அறுந்தால் அடுத்த வலைக்கு மறுபடியும் கடன்தான். இந்தப் படகுகள் கடலடியை வாரிப் பிடிக்கும் இழுவைமடி முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் பாக்கு நீரிணையில் அது ஓயவில்லை. இரு கரையிலும் இருப்பவர்கள் தமிழர்கள் என்பதால் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையை நெடுந்தீவிலும் பருத்தித்துறையிலும் உள்ள சிறு தொழிலாளியே கொடுக்கிறான். கொழும்பும் டில்லியும் பேசுகின்ற மேசையில், மக்கள் தெரிவு செய்த மாகாண அமைச்சர் ஒருவர் அவனுக்காக அமர்ந்திருக்க வேண்டாமா? மன்னாரிலும் இதே குறைதான். காற்றாலையும் கனிய மணலும் தீவின் நிலத்தையும் நீரையும் என்ன செய்யும் என்று கேட்க, மக்களே வீதியில் இறங்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சபை இருந்த ஐந்து ஆண்டுகளை நான் மெச்சவில்லை. 2013 செப்டெம்பர் தேர்தலில் 38 ஆசனங்களில் 30ஐ தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். தீர்மானங்கள் குவிந்தன, மாகாண சபை இயற்றும் சட்டங்களான நியதிச்சட்டங்கள் மிகச் சிலவே நிறைவேறின. உட்பூசலில் காலம் கரைந்தது. அதே வேளை, ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் வரி சம்பந்தமான எந்த நியதிச்சட்டத்தையும் சபையில் முன்வைக்கவே முடியாது என்பது 1987ஆம் ஆண்டு மாகாண சபைகள் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. புலம்பெயர்ந்தோரின் பணத்தை ஒழுங்காகப் பெறுவதற்கென்று கேட்கப்பட்ட முதலமைச்சர் நிதியமும் கைகூடவில்லை. ஆகவே இயலாமை பாதி, இயலவிடாமை பாதி என்றே அந்தக் காலத்தை நான் மதிப்பிடுகிறேன்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று, தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அதைத் துரோகம் என்று வைதவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொழிலையும் வருமானத்தையும் பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று ஏங்கிய மக்களின் வாக்கு அது. ஆனால் அந்த வாக்கை, அதிகாரப் பகிர்வு வேண்டாம் என்ற வாக்காகக் கொழும்பு வாசித்தால் அது பெரும் பிழை.

மாகாண சபைத் தேர்தலைத் தடுத்து நிற்பது ஒரு சட்டச் சிக்கல். 2017இல் தேர்தல் முறையை, தொகுதிவாரியும் விகிதாசாரமும் கலந்த கலப்பு முறைக்கு மாற்றினார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதை ஆதரித்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறை பிறக்கவில்லை. பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தம் கொண்டுவந்தால் போதும்; மூன்றில் இரண்டு பெரும்பான்மையை வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு அது ஒரு நாள் வேலை. நமது கட்சிகள் அந்தத் திருத்தத்துக்காக ஒன்றாக நின்று நெருக்க வேண்டும்; கூடவே, அடுத்த சபையில் முதல் ஆண்டில் எந்தெந்த நியதிச்சட்டங்களைக் கொண்டுவருவோம் என்பதை வேட்பாளர் பட்டியலோடு சேர்த்து எழுத்தில் தர வேண்டும்.