ஔவையைத் தேடினால் காணவில்லை

பென்னாகரம் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஔவையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை நாங்கள்தான் போட்டோம். புத்தகம் வந்து மூன்றாவது வாரம், நான் பல்கூடத் துலக்கவில்லை, போன்.

"ஏந்தம்பி, பெங்களூர்ல இருக்கற பேரன் நேத்து ராத்திரி பூரா தேடியிருக்கான். அப்படி ஒரு புத்தகமே இல்லைங்கறான். ஆன்லைன்ல போட்டாச்சுன்னு சொன்னீங்களே?"

"போட்டாச்சுங்க சார், நானே பார்த்தேனுங்க" என்று சொல்லி லிங்க்கை அனுப்பினேன். லிங்க்கைத் தொட்டால் புத்தகம் வருகிறது. தேடினால் வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அட்டை வடிவமைத்த பையனின் கோப்பிலிருந்து தலைப்பை அப்படியே எடுத்துக் கடையின் படிவத்தில் ஒட்டியிருந்தேன். அதில் 'ஔ' என்ற ஒரே எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'ஒ' ஒன்று, பக்கத்தில் 'ள' ஒன்று. அட்டையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு மட்டும் அது ஒளி, ஒளிவு வரிசையில் வருகிற வேறு ஏதோ ஒரு சொல். பேரன் போனில் ஒழுங்கான ஔ போட்டுத் தேடியிருக்கிறான், பாவம். இன்னொரு கடையில் அங்கே இருந்தவர்களே 'அவ்வை' என்று திருத்திப் போட்டிருந்தார்கள். அதியமானின் ஊரிலிருந்து கிளம்பிய புத்தகத்தில் ஔவைக்கே மூன்று எழுத்துக்கூட்டு.

முழுத் தப்பும் என்னுடையதுதான். ஆனால் இதை நான்கு பதிப்பாள நண்பர்களிடம் சொன்னபோது நான்கு பேருமே, "இதெல்லாம் இங்கிலீஷ் புத்தகக் கம்பெனிக்காரன் வேலைங்க, நமக்கெதுக்கு" என்றார்கள். அதனால்தான் இந்த நீளமான பதிவு. மெட்டாடேட்டா என்கிற வார்த்தை பிடிக்கவில்லை என்றால் புத்தக விவரம் என்றே சொல்லிக்கொள்வோம். தலைப்பு, ஆசிரியர், ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், பக்கம், விலை, அட்டை வகை, பொருள், பின்னட்டைக் குறிப்பு, அவ்வளவுதான். அச்சுக்கு முன்னால் மூன்று முறை மெய்ப்புப் பார்க்கிற நாம், இந்தப் பத்து வரியை மட்டும் இரவு பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒருவர் பெங்களூரா என்பார், இன்னொருவர் கிளிமூக்கு என்பார், கூழ் தொழிற்சாலைக்காரர் தோத்தாபுரி என்று எழுதிக்கொள்வார். யாருக்கும் குழப்பம் வராது, பழம் கண்ணெதிரே குவிந்து கிடக்கிறது. தர்மபுரிப் புத்தகத் திருவிழாவிலும் அதே கதைதான். வாசகர் கையில் எடுத்துப் புரட்டுவார், முதல் பக்கத்தைப் படிப்பார், விலையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். இணையக் கடைக்குப் புத்தகம் தெரியாது. நான் அனுப்பிய பத்து வரிதான் அதற்குத் தெரியும்.

இதற்கு உலகம் முழுக்க ஒரு பொது வடிவம் இருக்கிறது. பெயர் ஓனிக்ஸ். 2000-இல் முதல் பதிப்பு வந்தது, 2009-இல் மூன்றாம் பதிப்பு. லண்டனில் இருக்கும் எடிடர் என்ற அமைப்பு பராமரிக்கிறது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெட்டி, ஒரு குறியீடு. ஆசிரியர் என்றால் ஏ01, மொழிபெயர்ப்பாளர் என்றால் பி06, சாதா அட்டை என்றால் பிசி, கெட்டி அட்டை என்றால் பிபி. தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாகச் சொல்ல இடம் உண்டு. ஒரே கோப்பைச் செய்து எல்லாக் கடைக்கும் அனுப்பலாம். அமேசான் போன்ற பெரிய கடைகள் அதை வாங்கிக்கொள்ளும்.

நடைமுறையில் என் போன்ற நாற்பது புத்தகக்காரனுக்குக் கிடைப்பது எக்ஸெல் தாள். கடைக்கு ஒரு தாள். ஒன்றில் ஆசிரியர் மூன்றாவது கட்டம், இன்னொன்றில் பதினேழாவது. ஒருவர் எடையைக் கிராமில் கேட்பார், இன்னொருவர் கிலோவில். மறுபதிப்பில் 180 ரூபாயை 220 ஆக்கினோம். ஆறு கடைகளுக்குச் சொன்னேன், ஒன்றை மறந்தேன். அங்கே வருஷம் முழுக்க 180-க்கே ஓடியது. நடுகல் புத்தகம் ஒரு கடையில் ஆன்மிகத்தில் இருக்கிறது. சரி, கும்பிடுகிற கல்தானே என்று விட்டுவிட்டேன். தீமா என்று 2013 முதல் பல மொழிகளுக்கும் பொதுவான பொருள் வகைப்பாடே இருக்கிறது, ஆனால் கடைக்காரர் தருகிற பட்டியலில் அது இருந்தால்தானே.

ஐஎஸ்பிஎன் விஷயத்தில் நாம் செய்கிற கூத்து தனி. ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. அப்படியும் சிக்கனம் பிடித்து, அச்சுப் புத்தகத்தின் எண்ணையே மின்னூலுக்கும் போட்டு, திருத்திய பதிப்புக்கும் பழைய எண்ணையே ஓட்டுகிறோம். கடைசி இலக்கம் சும்மா ஒட்டியிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் 12 இலக்கங்களை 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகை பத்தின் மடங்காக இன்னும் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துப் போடுகிற சரிபார்ப்பு எண் அது. ஒரு இலக்கம் தப்பாக அடித்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும், 1-உம் 6-உம் போல ஐந்து வித்தியாசம் உள்ள ஜோடி மாறினால் மட்டும் கோட்டை விடும். எனக்கு ஒருமுறை சரியாக அந்த ஜோடியே மாறியது. நம் ராசி அப்படி.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். கடைகளின் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்துதான் உண்டு. நட்சத்திரத்துக்குப் பயந்து அப்பா பெயரை விரித்து எழுதினேன். என் கட்டுரைத் தொகுப்பு அங்கே இன்றைக்கும் என் அப்பா பெயரில்தான் விற்கிறது. கேழ்வரகு வயலில் ஏர் பிடித்துக் கோடு போட்டதைத் தவிர அவர் எதுவும் எழுதியதில்லை. ஓனிக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை, முழுப் பெயரையும் ஒரே பெட்டியில் எழுதிவிட்டுப் போகலாம். ஓனிக்ஸ் இடம் கொடுக்கிறது, கடையின் படிவம் கொடுப்பதில்லை. அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லித் தனியாக மெயில் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். நாற்பது பதிப்பகம் சேர்ந்து கேட்டால் ஒருவேளை நடக்கும். அதற்கு முதலில் நம் வீட்டு விவரம் ஒழுங்காக இருக்கவேண்டும்.

இப்போது புத்தகத்துக்கு ஒரு வரிசை என்று ஒரே தாள் வைத்திருக்கிறேன். யூனிகோடில் நானே தட்டச்சு செய்கிறேன், எந்தக் கோப்பிலிருந்தும் தலைப்பை ஒட்டுவதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டு ஆசிரியர் கையெழுத்தில் வந்தால்தான் ஏற்றுவேன், 'ழ'வுக்கு ஆளாளுக்கு ஒன்று போடுவதால். கடைகள் கேட்கிற தாள்களை அதிலிருந்துதான் பிரிக்கிறேன். முதலில் நாற்பது புத்தகத்துக்கும் உட்கார்ந்து அடிக்கப் பதினோரு நாள் ஆனது. வீட்டில் என்னிடம் பேசவில்லை.

ஔவையையும் திருத்திவிட்டேன், தேடுசொல்லில் 'அவ்வை'யையும் சேர்த்தேன். பேரன் தேடினான், வந்தது, வாங்கியும்விட்டான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினான். ஆசிரியர் என்ற இடத்தில் சாரின் அப்பா பெயர் இருக்கிறது. சாரிடம் இன்னும் சொல்லவில்லை.