பதினோரு வரி

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆமாம், என் வகுப்புதான். ‘60 நிமிட வகுப்பில் 11 வரிகள் மட்டுமே நடத்தப்பட்டன. கதைச் சுருக்கம் கூறப்படவில்லை’ என்று வகுப்பைப் பார்வையிட வந்து குறிப்பு எழுதியவர் யார், அதைப் படமெடுத்து நம் ஆசிரியர்கள் குரூப்பில் போட்டவர் யார், கீழே சிரிப்பு எமோஜி வைத்த ஒன்பது பேர் யார் யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை.

முதலில் ஒரு திருத்தம். கதைச் சுருக்கம் சொல்ல மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டீர்கள் போல. இல்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை ஆரம்பிக்கும்போது கதையைச் சொல்லக் கூடாது. இதை இந்தப் பதிவில் இன்னும் நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கில் எல்சினோர் கோட்டையின் மதில். நடுராத்திரி, கடுங்குளிர். பிரான்சிஸ்கோ என்றொரு காவலாளி நிற்கிறான். அவனுக்கு டியூட்டி முடிகிறது, அடுத்த ஆள் பெர்னார்டோ வருகிறான். நாடகத்தின் முதல் வசனம், ‘யாரது?’ அடுத்தது, ‘இல்லை, நீ பதில் சொல். நில், யாரென்று காட்டு.’ முதல் கேள்வியைக் கேட்டது யார் தெரியுமா? வருகிறவன். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் நம்மைப் பார்த்து யார் என்று கேட்பது உலக வழக்கம். நாம் போய் வாட்ச்மேனைப் பார்த்து ‘யாரது’ என்று கத்தினால் நமக்கு எதுவோ ஆகியிருக்கிறது. பெர்னார்டோவுக்கும் ஆகியிருக்கிறது. இரண்டு ராத்திரியாக அந்த மதிலில் எதையோ பார்த்திருக்கிறான். எதை என்று நாடகம் இன்னும் சொல்லவில்லை. நாடகமே சொல்லாததை நான் ஏன் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்?

வகுப்பில் நடந்தது இதுதான். விளக்கை அணைத்தேன். பேசுபவர் பெயர்களை எடுத்துவிட்டு வசனத்தை மட்டும் கொடுத்து, இதில் டியூட்டியில் இருக்கிறவன் யார் என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன். இரண்டு பையன்கள் எழுந்து வந்தார்கள். ‘யாரது’ என்று கேட்பவன்தான் காவலாளி என்று அவனைக் கரும்பலகை ஓரம் நிறுத்தினார்கள், மற்றவன் கதவருகே. ஆறு வரி ஓடியது. ‘மணி பன்னிரண்டு அடித்துவிட்டது, நீ போய்ப் படு’ என்ற வசனம் வந்ததும் கரும்பலகை ஓரம் நின்றவன் நிறுத்திவிட்டான். தாளைப் பார்க்கிறான், கதவைப் பார்க்கிறான். ‘போய்ப் படுன்னு நான் சொல்றேன்னா, அப்ப நான்தானே புதுசா வந்தவன்?’ நான் வாயே திறக்கவில்லை. அவர்களாகவே இடம் மாறி நின்று மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். ஒரு நிமிடம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: ‘அப்ப வந்தவன் எதுக்கு மிஸ் கேட்டான்?’

இந்தக் கேள்விக்குத்தான் 60 நிமிடமும். ‘இளவரசன் ஹாம்லெட்டிடம் அவன் அப்பாவின் ஆவி வந்து, சித்தப்பா கொன்றதைச் சொல்லி, பழிவாங்கச் சொல்லும்’ என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா? ஆவி வரப்போகிறது, அதனால் பயப்படுகிறான், முடிந்தது, அடுத்த பக்கம்.

நானும் அப்படித்தான் படித்தேன். எங்களுக்குக் கதை, பாத்திரப் படைப்பு, முக்கிய வினாக்கள் எல்லாம் நோட்டில் டிக்டேட் செய்யப்பட்டன. ‘தொடக்கக் காட்சி மர்மமும் அச்சமும் கலந்த சூழலை உருவாக்குகிறது’ என்ற வாக்கியத்தை மூன்று பரீட்சையில் எழுதி மூன்றிலும் மார்க் வாங்கினேன். முதலில் கேட்டது யார் என்பதைக் கவனித்ததில்லை. வேலைக்கு வந்து பல வருடம் கழித்து, ஒரு நாள் பாடம் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. சந்தோஷம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. எதை எழுதி மார்க் வாங்கினேன் நான்?

சரி, ஆட்சேபங்கள். இன்பாக்ஸில் நிறைய வந்திருக்கின்றன.

‘போர்ஷன் எப்படி முடியும்?’ நியாயமான கேள்வி. முழு நாடகம் சுமார் 4,000 வரி, என் வேகத்தில் போனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அதனால்தான் ஆரம்பத்தில் மட்டும் நிற்கிறேன், அப்புறம் ஓடுவேன். போன வருடமும் அப்படித்தான், போர்ஷன் முடிந்தது. அதை யாரும் படமெடுத்துப் போடவில்லை.

‘கதை தெரியாமல் பிள்ளைகளுக்கு மொழி புரியாது.’ யாரது. நில். குளிர். போய்ப் படு. இதில் எது புரியாது?

இன்னொருவர் கேட்டதுதான் உண்மையில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ‘ரோமியோ ஜூலியட்டில் ஷேக்ஸ்பியரே முதல் 14 வரியில் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறாரே, காதலர்கள் சாகப்போவது உட்பட?’ சொல்கிறார், மறுக்கவில்லை. ஹாம்லெட் கதையும் அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்குப் புதிதில்லை. ‘ஹாம்லெட், பழிவாங்கு’ என்று அலறும் மேடை ஆவியை 1596-லேயே ஒருவர் கிண்டலடித்து எழுதியிருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் அங்கே சொல்வது என்று முடிவெடுத்தவர் அவர். இங்கே ஒரு காவலாளியை இருட்டில் கத்தவிடுவது என்று முடிவெடுத்தவரும் அவரே. இடையில் புகுந்து மாற்ற நாம் யார்? ஆவியைப் பார்த்தவர்கள் பேச்சை நம்பாத ஹொரேஷியோ என்ற படிப்பாளியைக் கொண்டுவந்து நிறுத்துகிறாரே, எதற்கு? நம்பாதவன் ஒருவனும் கூட இருக்க வேண்டும் என்றுதானே? கதையைச் சொல்லிவிட்டால் வகுப்பில் ஒரு ஹொரேஷியோகூட மிஞ்சமாட்டான்.

1603-இல் அச்சான முதல் பதிப்பில் இந்தத் தொடக்கம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. காவலில் இருப்பவன் ‘நில், யார் அது?’ என்கிறான், வருபவன் ‘நான்தான்’ என்கிறான். 1604–05 பதிப்பில்தான் கேள்வி இடம் மாறி நிற்கிறது. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டேன். எது பயமாக இருக்கிறது என்று கேட்டேன், கைகள் உயர்ந்தன. குறிப்பில் இது ‘தேவையற்ற கூடுதல் தகவல்’ என்று பதிவாகியிருக்கிறது. நன்றி.

அப்புறம் அந்த ஆலோசனை: ‘ஆவிக் காட்சியைப் புரொஜெக்டரில் காட்டியிருக்கலாம்.’ இந்த நாடகம் போட்ட குளோப் அரங்கு திறந்தவெளி. பட்டப்பகலில் நடிப்பார்கள். வெயிலில் நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டு அடித்துவிட்டது, கடுங்குளிர், யாரது என்று வார்த்தையாலேயே ராத்திரியைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஒரு ஸ்விட்சை அணைத்தே சமாளித்துவிட்டோம். புரொஜெக்டர் வேண்டியிருக்கவில்லை.

‘உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு’ என்றும் ஒருவர். இதற்கு என்ன பதில் சொல்ல? எனக்குத் தெரியாது என்பதை இப்போதுதான் மூன்று பரீட்சைக் கணக்கோடு எழுதினேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டுங்கள். தினமும் ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். நேற்றும் குடித்தோம். அந்த ஒன்பதில் நாலு பேர் எதிரில்தான் இருந்தீர்கள்.

கடைசியாக ஒன்று. குறிப்பில் வராதது.

ஐம்பதாவது நிமிடம் இருக்கும். வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் இருக்கிறாள், அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கையை மட்டும்தான் தூக்குவாள். அவள் எழுந்தாள். காவல் மாறும்போது பிரான்சிஸ்கோ சொல்கிறான் இல்லையா, ‘என்னை விடுவித்ததற்கு ரொம்ப நன்றி. கடுங்குளிர். மனசே சரியில்லை’ என்று. அவள் கேட்டாள்: ‘மனசு சரியில்லைன்னு சொல்றான் மிஸ். ஏன்னு அவன் கேக்கவே இல்லையே?’

கேட்கவில்லைதான். பெர்னார்டோ கேட்பது, ‘காவல் அமைதியாக இருந்ததா?’ இவன் சொல்வது, ‘ஒரு எலிகூட அசையவில்லை.’ அதோடு அந்த 11 வரி முடிகிறது. அடுத்து, ‘சரி, போய் வா. ஹொரேஷியோவையும் மார்செலஸையும் வழியில் பார்த்தால் சீக்கிரம் வரச் சொல்.’ அவ்வளவுதான். பிரான்சிஸ்கோ போய்விடுவான், நாடகத்தில் மறுபடி வரவே மாட்டான். அவன் மனசுக்கு என்ன என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். வகுப்பும் நின்றது. கடைசி பெஞ்சில் பார்வையிட வந்தவர் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

பெல் அடித்ததும் என்னிடம் வந்தார். ஏன் விளக்கை அணைத்தீர்கள் என்று கேட்பார், ஏன் கதை சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். பதிலைக்கூட மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். ஃபைலைத் திறந்து, ‘இங்க ஒரு சைன்’ என்றார். போட்டேன். வாசலுக்குப் போனவர் திரும்பி, அடுத்த வகுப்பு ஆசிரியரை வழியில் பார்த்தால் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார்.